அம்மாவுக்குக் கையாக இருந்த ஆறு வாரம்

ஜூன் மாதம், மழை பிடித்த மூன்றாம் நாள், அம்மா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்பா இறந்து நாலு வருடம் ஆகிறது, தங்கை குவைத்தில் இருக்கிறாள், அதனால் நான்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சென்னையிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஓடி வந்தேன். அலுவலக வேலையை அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் இரண்டு நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மை சோறும் கறியும் கொடுத்து விட்டார்கள். மூன்றாம் நாள் அம்மா போதும் என்றுவிட்டாள். "குறை சொல்லல மக்கா. அவ அரப்பு வேற, நம்ம அரப்பு வேற. நீ அடுப்புப் பக்கத்துல நில்லு, நான் சொல்லித் தாறேன்." அப்படித்தான் தொடங்கியது. அடுக்களை வாசலில் ஒரு நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்துகொள்வாள், கட்டுப் போட்ட கை மடியில் ஒரு தலையணைமேல் இருக்கும், நான் அடுப்படியில் நிற்பேன். நாற்பத்து மூன்று வயதில், அதுவரை தோசை வார்ப்பதும் முட்டை பொரிப்பதும் தவிர எதுவும் சமைத்திராதவன்.

அந்த ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பலர் "அம்மா சமையல் கத்துக்கணும், எப்பக் கேட்டாலும் கொஞ்சம் இது போடு, கொஞ்சம் அது போடுன்னுதான் சொல்றாங்க" என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன், நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் போனில் கேட்டுக் கேட்டுக் கைவிட்டிருந்தேன். போனில் கேட்டால் வராது. அம்மாவுக்குத் தெரிந்தது வாயில் இல்லை, கையிலும் மூக்கிலும் இருக்கிறது, பக்கத்தில் நின்று தப்புச் செய்தால்தான் அது வாய்க்கு வருகிறது. நான் கேட்டபோதெல்லாம் கிடைக்காத பதில்கள் நான் தீயை அதிகமாக வைத்த நிமிடத்தில் தானாக வந்தன.

முதல் நாளே உப்பில் மாட்டிக்கொண்டேன். "ஒரு கை கல்லுப்பு போடு" என்றாள், போட்டேன், கறியை வாயில் வைக்க முடியவில்லை. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு என் கையை விரிக்கச் சொல்லித் தன் இடது கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். என் உள்ளங்கை அவளுடையதைவிட ஒன்றரை மடங்கு. நாற்பத்தைந்து வருடமாக இந்த வீட்டு உப்பு, புளி, மல்லி எல்லாவற்றுக்கும் அளவாக இருந்த கை மாவுக்கட்டுக்குள் கிடக்கிறது. மறுநாள் தக்கலையில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்தேன். ஒவ்வொரு பொருளையும் அம்மா இடது கையால் அள்ளிக் கிண்ணத்தில் போடுவாள், நான் எடையைக் குறித்துக்கொள்வேன். ஐந்து விரலால் அள்ளினால் கல்லுப்பு 11 கிராம், என் கையில் 19. நெல்லிக்காய் அளவு புளி என்றால் 14 கிராம். இதை யாராவது செய்யப் போகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும், "எவ்வளவு" என்று கேட்காதீர்கள், அவர்களை வழக்கம்போல அள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் நிறுத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பா பொடியுப்பா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஒரே கரண்டியில் பொடியுப்பு கூடுதல் எடை நிற்கும்.

ஆனால் எடை எழுதி வைத்துக்கொண்டால் ஒரு கறி வரும், அடுத்த கறி வராது. இரண்டாவது வாரம்தான் அம்மா முதல் நாள் சொன்ன அந்தச் சொல் எனக்குப் பிடிபட்டது. அரப்பு. அரைத்துச் சேர்க்கும் தேங்காய்க் கூட்டுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஒரு நாள் கறிகளை வரிசையாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தேன், முப்பது தாண்டிவிட்டது, அம்மா எரிச்சலோடு, "எதுக்குலே இவ்ளோ எழுதுற, நாலு அரப்புதான" என்றாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

நாலுதான். பச்சைத் தேங்காயோடு சீரகம், உள்ளி (வெங்காயம்), மஞ்சள், மிளகாய் சேர்த்து நன்றாக அரைத்தால் மீன் அவியல், முருங்கைக்காய்க் கறி, சக்கைக்குருவும் (பலாக்கொட்டை) மாங்காயும் போட்ட கறி எல்லாம் அதில் அடங்கும். அதே பச்சைத் தேங்காயை அரைக்காமல் ஒன்றிரண்டாக ஒதுக்கி, அதாவது நசுக்கி எடுத்தால் காய்கறி அவியலுக்கும் துவரனுக்கும் (தேங்காய் போட்ட பொரியல்). மிளகாய்ப்பொடி இல்லாமல் வெண்ணெய்போல அரைத்துத் தயிரோடு சேர்த்தால் புளிசேரி, கொஞ்சம் கடுகு சதைத்துப் போட்டால் பச்சடி, கிச்சடி. நாலாவது, தேங்காயைக் கருப்பட்டி நிறத்துக்கு வறுத்து அரைப்பது, அதில்தான் தீயல் என்கிற புளிக்கறி. எரிசேரிக்குப் பச்சை அரப்பு ஊற்றி, வறுத்த தேங்காயை மேலே தாளித்துக் கொட்ட வேண்டும், ஆக அது இரண்டு அரப்புக்கும் சொந்தம். இதைப் புரிந்துகொண்ட பிறகு கடையில் என்ன காய் கிடைத்தாலும் எனக்குப் பயம் வரவில்லை. சென்னையில் சுரைக்காய் மட்டும்தான் இருக்கிறதா, சரி, எந்த அரப்பு என்று முடிவு செய்தால் போதும்.

தீயல்தான் என்னை அதிகம் வதைத்தது. மூன்று தடவை கெடுத்தேன். ஒரு பெரிய தேங்காயின் பாதி, துருவினால் எங்கள் வீட்டுக் காய்க்கு 140 கிராம் வரும், அதோடு ஏழெட்டுச் சின்ன உள்ளி, ஒரு கரண்டி மல்லி, ஆறு வத்தல் மிளகாய், பத்துப் பதினைந்து நல்லமிளகு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம் கைவிடாமல் கிளற வேண்டும். நான் முதல் முறை பத்து நிமிடத்தில் நிறம் வந்துவிட்டது என்று இறக்கினேன். வெளியே சிவந்திருந்தது, உள்ளே ஈரம், கறியில் பச்சை வாடை. இரண்டாம் முறை அலுவலக அழைப்பு வந்து இரண்டு நிமிடம் திரும்பிவிட்டேன், கருகிக் கசந்துவிட்டது. மூன்றாம் முறை வறுத்ததெல்லாம் சரி, சூட்டோடு மிக்ஸியில் தண்ணீர் ஊற்றி அரைத்துவிட்டேன். அம்மா வாசனையிலேயே கண்டுபிடித்தாள். "வெள்ளம் ஊத்தாதலே. ஆற வை. அது எண்ணெய் விட்டு அதுவே களிம்பு மாதிரி ஆகும், அப்புறம்தான் வெள்ளம்." முதலில் தண்ணீர் இல்லாமல் அரைத்தால் தேங்காயின் எண்ணெய் வெளியே வந்து மசாலாவைப் பிடித்துக்கொள்கிறது, அந்த எண்ணெய்தான் பிறகு கறி கொதிக்கும்போது மேலே தெளிந்து வரும். தெளியாத தீயலை அம்மா தீயல் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

இப்படி ஒரு நாள் வறுத்துக்கொண்டிருக்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "இப்ப இறக்கு" என்றாள். தேங்காய் சட்டியில் உரசும் சத்தம் மாறிவிட்டதாம். ஈரம் இருக்கும்வரை ஒரு சத்தம், ஈரம் போனால் மணல் மாதிரி ஒரு சத்தம். அன்றிலிருந்து நானும் காதைக் கொடுத்துத்தான் வறுக்கிறேன்.

அது மீன்பிடித் தடைக் காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, தலா 61 நாள் விசைப்படகுகள் போகக் கூடாது. இரண்டு கரையும் சந்திக்கும் மாவட்டம் என்பதால் இரண்டு தடையும் எங்களுக்கு உண்டு. குளச்சல் பக்கமிருந்து வரும் பெரிய மீன் நின்றுபோனது, வள்ளத்திலும் கட்டுமரத்திலும் பிடித்த சாளையும் நெத்தோலியும் மட்டும் அலுமினியச் சட்டியில் தலைச்சுமையாக வீட்டு வாசலுக்கு வந்தன. மீன்காரி அக்கா அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சாளையைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போனார், ஒரு பைசா கூடுதலாக வாங்கவில்லை, ஆறு வாரமும் அப்படித்தான்.

சாளை அவியலில் எனக்குக் கிடைத்த பாடம் கரண்டியைத் தொடாமல் இருப்பது. மண்சட்டியில் மீன், அரப்பு, கீறிய பச்சைமிளகாய், மாங்காய்த் துண்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வைத்து, கொதித்ததும் சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்துச் சுழற்றிவிட வேண்டும். கரண்டி போட்டால் மீன் உடைந்துவிடும். கடைசியில் ஒரு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை, மூடி. மாங்காய் இல்லாத காலத்தில் புளி. சென்னையில் மீன் வாங்கப் போகிறவர்கள் பெயரைக் கவனியுங்கள், நம் சாளைக்கு அங்கே மத்தி என்று கேட்க வேண்டும், அயிலைக்குக் கானாங்கெளுத்தி, நெய்மீனுக்கு வஞ்சிரம். சென்னைக்குப் போன புதிதில் சாளை என்று கேட்டு, இல்லை என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறேன், அது அவர் கூடையிலேயே இருந்திருக்கும்.

இப்போது கிழங்குக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மரச்சீனிக் கிழங்கு, வெளியே மரவள்ளி என்பார்கள். எங்கள் மாவட்டத்து மேற்குத் தாலுகாக்களான கல்குளம், விளவங்கோடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது என்ன என்று விளக்க வேண்டாம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர், எங்கள் பக்கமும் அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அதைப் பரப்பியவர் என்று 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவைச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்துக்கொண்டபோது அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது, திருவிதாங்கூர் பட்டினியில் விழுந்தது, அந்த வருடங்களில் வீட்டுக்கு வீடு உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்குதான். எங்கள் அப்பாவின் அம்மா அந்தக் காலத்தில் சிறுமி. மூன்று வேளையும் கிழங்கு, அதுவும் சில நாள் உப்பு மட்டும் தொட்டுக்கொண்டு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா பிறந்த வீடு பூதப்பாண்டிப் பக்கம், நாஞ்சில் நாட்டு வயல்காரக் குடும்பம், அங்கே சோறு தவிர எதையும் சாப்பாடு என்று நினைக்க மாட்டார்கள். தக்கலைக்கு மேற்கே கல்யாணம் செய்து வந்தபோது மத்தியானம் கிழங்கு வைத்ததைப் பார்த்து, இது பலகாரம், சோறு பின்னால் வரும் என்று காத்திருந்ததாகச் சொன்னாள். நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. பாட்டிக்கு அது தெரிந்துவிட்டது. அதன்பிறகு அம்மா வீட்டு ஆட்கள் வருகிறார்கள் என்றால் பாட்டி கிழங்குப் பானையைத் தட்டால் மூடிப் புறவாசலில் வைத்துவிட்டு அரிசி களைவார்களாம். ஒரு தடவை பெரிய மாமா சொல்லாமல் வந்துவிட்டார். வந்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நேராகப் புறவாசலுக்குப் போய்த் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அத்தே, இத எனக்குத் தராம எங்க ஒளிச்சு வச்சிருக்கிய" என்று சம்மணம் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். பாட்டி அன்று அழுதுவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். எதற்கு அழுதார்கள் என்று நான் கேட்டேன். "பட்டினி கெடந்த காலத்துப் பண்டம்லா மக்கா. விருந்தாளிக்கு வச்சா நம்மள என்ன நினைப்பாவளோன்னு ஒரு இது."

அந்த இது எனக்கும் வந்திருக்கிறது. சென்னையில் விடுதியில் தங்கியிருந்தபோது அம்மா கொடுத்துவிட்ட வாட்டிய கிழங்குப் பொட்டலத்தை அறையில் யாரும் இல்லாத நேரத்தில்தான் பிரித்திருக்கிறேன். பாட்டி பானையை மூடியதைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் என் கை அதே மாதிரி மூடியிருக்கிறது. இதைக் கேட்ட அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

கிழங்கைப் பற்றிச் செய்முறையாகச் சிலது. பிடுங்கி இரண்டு நாளுக்குமேல் நிற்காது, வெட்டிப் பார்த்தால் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருந்தால் பழசு, வாங்காதீர்கள். கடைக்காரரிடம் நுனியை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள், மொறுக்கென்று ஒடிந்து வெள்ளையாக இருக்க வேண்டும். மேல்தொலி மட்டும் அல்ல, அடியில் இருக்கும் இளஞ்சிவப்புத் தடித்த தொலியும் போக வேண்டும், நடு நாரையும் உருவி எறியுங்கள். இந்தச் செடியில் உள்ள ஒரு பொருள் நறுக்கும்போது உடைந்து சயனைடாக மாறும், தொலியில்தான் அது கூடுதல், கசக்கும் ரகங்களில் ரொம்பக் கூடுதல். அதனால் சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். நம் அம்மாக்கள் இரண்டு தண்ணீர் கொட்டுவது அதற்குத்தான். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் வைத்து வடிக்காமல் வேகவைப்பதை நிறுத்துங்கள். சென்னைக்கு வரும் கிழங்கில் பெரும்பகுதி சேலம், நாமக்கல் பக்கத்துக் கிழங்கு, அங்கே ஜவ்வரிசி ஆலைகளுக்காக வளர்க்கும் ரகங்களும் உண்டு, வெந்த பிறகு ஒரு துண்டை வாயில் வைத்துக் கசந்தால் தயங்காமல் அத்தனையையும் கொட்டிவிடுங்கள். உப்பு இரண்டாவது தண்ணீரில் போட்டால் போதும், முதலிலேயே போட்டால் வேக நேரம் எடுக்கிறது என்பது அம்மா கணக்கு. வெந்ததும் தேங்காய், சீரகம், பூண்டு, காந்தாரி மிளகாய் ஒதுக்கிப் போட்டு அகப்பைக் காம்பால் மசித்தால் மீன் கறிக்கு அதைவிடப் பொருத்தம் எதுவும் கிடையாது, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

நாலாவது வாரம் மனைவியும் மகளும் வந்தார்கள். மனைவிக்கு மதுரை, தேங்காய் எண்ணெய் வாடைக்குப் பழக அவளுக்குச் சில வருடங்கள் ஆயின, இப்போது அம்மாவிடம் தீயல் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். மகளுக்குப் பதினொரு வயது. வந்த அன்று இரவு புட்டும் பயறும் பப்படமும் விளம்பிக்கொண்டிருக்கும்போது கேட்டாள், "அப்பா, நாம தமிழா, மலையாளமா?" பள்ளியில் டப்பாவைத் திறந்தால் கேரளாவா என்று கேட்கிறார்களாம். எனக்கும் இதே கேள்வி இருபது வருடமாக வருகிறது. திருவனந்தபுரத்துக்குப் போனால் பாண்டி, அதாவது தமிழ்க்காரன் என்பார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனேன், எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம், பிறகு தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, இன்றும் கேரள அரசுதான் பராமரிக்கிறது. நாடகசாலை, ராஜா கட்டில் எதிலும் அவளுக்கு மனம் போகவில்லை, நீளமான ஊட்டுப்புரைக்கு (சாப்பாட்டுக் கூடம்) வந்ததும் நின்றுவிட்டாள். அங்கே ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பெரிய பரணிகள் இருக்கின்றன. "பாட்டி வீட்டுல மாங்கா போட்டு வச்சிருக்கிற மாதிரியே இருக்குப்பா, ஆனா ரொம்பப் பெருசு."

அங்கே உட்காரவைத்துத்தான் சொன்னேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. தமிழ் பேசுகிறவர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் போராடினார்கள், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. தமிழுக்காக அவ்வளவு கொடுத்த அந்த வீடுகளின் அடுப்பில் வெந்ததும் இந்தக் கிழங்கும் அவியலும் புட்டும்தான். கோடு வேறு இடத்தில் போட்டதால் அடுக்களை மாறவில்லை. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற சண்டை எனக்குப் பிடிக்காது, மலையாள வீட்டிலும் அவியல் உண்டு, நம் வீட்டிலும் உண்டு, எங்கள் அம்மா அதில் தயிருக்குப் பதில் மாங்காய் போடுவாள், அவ்வளவுதான். "கேட்டா என்ன சொல்லணும்?" என்றாள் மகள். "கன்னியாகுமரி மாவட்டம்னு சொல்லு, எங்க வீட்டுச் சாப்பாடுன்னு சொல்லு, ஒரு வாய் சாப்பிடக் குடு" என்றேன். இந்த மூன்றாவதுதான் வேலை செய்ததாகப் பிறகு சொன்னாள்.

அதே வாரம் நாகர்கோவிலில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அம்மா வர மாட்டேன் என்றாள். காரணம் சொல்லவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது, இலையில் இடது கையால் சாப்பிட வேண்டியிருக்கும், நாலு பேர் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறேன் என்றேன், முதலில் திட்டினாள், பிறகு வந்தாள். ஒரே இலையில் என் கையால் பிசைந்து அவளுக்குக் கொடுத்தேன். பருப்புக்கு நெய் விட்டுப் பப்படத்தை நொறுக்கிப் போடு, சாம்பாருக்கு அவியலைத் தொட்டுக்கொள், இஞ்சிக்கறியை இடையிடையே ஒரு துளி, எரிசேரியைச் சோற்றில் பிசையாதே என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அத்தனை கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன், இலையில் ஏன் எது எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அடைப்பிரதமன் பாயசம் வந்ததும் மட்டிப்பழத்தை உரித்து அதோடு பிசையச் சொன்னாள். விரல் நீளத்தில் மணமாக இருக்குமே, நம் மட்டி, 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் பக்கம் குழந்தைக்கு முதலில் கொடுக்கும் பழமும் அதுதான். பாயசம் முடிந்தும் எழுந்திருக்கவிடவில்லை, மோருக்கு ஒரு பிடி சோறு வாங்கினோம். எதிர் வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்து, "மவன் ஊட்டுதான்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அண்மையில் பார்த்ததில்லை.

ஆறு வாரத்தில் என் நோட்டில் இருபத்திரண்டு கறி எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எடை, தீ, சட்டி, என்ன சத்தம், என்ன நிறம், அப்புறம் யாரிடமிருந்து அம்மா கற்றது. இந்தக் கடைசிக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். அதை எழுதிய பிறகுதான் புளிசேரியும் இஞ்சிக்கறியும் பூதப்பாண்டி ஆச்சியிடமிருந்தும் கிழங்கும் மீனும் தக்கலைப் பாட்டியிடமிருந்தும் வந்தது தெரிந்தது. முந்திரிக்கொத்து செய்யக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மை, அவர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்வது எங்கள் வீட்டில் தீபாவளிக்கு வந்துவிட்டது. வீடியோ எடுப்பதானால் முகத்தை எடுக்காதீர்கள், சட்டியையும் கையையும் எடுங்கள், பேச்சு தானாகப் பதியும். நான் எடுத்ததில் பாதி வீடியோவில் அம்மா பேசுவது கேட்கிறது, அவள் நாற்காலியில் இருப்பதால் படத்தில் இல்லை, என் கைதான் இருக்கிறது.

கட்டுப் பிரித்த அன்று அம்மா முதலில் செய்தது கல்லுப்புப் பரணிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளியதுதான். பிடி முழுதாக மூடவில்லை. தராசில் போட்டுப் பார்த்தோம், 8 கிராம். மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த விரல் பயிற்சியோடு இதையும் தினமும் செய்தாள், சென்னைக்குப் போன பிறகு போனில் எடையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். செப்டம்பரில் 11 வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தீயல் என் வேலை. போன வாரம் சின்ன உள்ளித் தீயல், வீடியோ அழைப்பில் அம்மா இருந்தாள், போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். மகள் கிளறிக்கொண்டிருந்தாள். வறுத்து, ஆறவைத்து, அரைத்து, புளி ஊற்றி, எல்லாம் முடிந்து கொதிக்கத் தொடங்கியதும், "பாட்டி, ஆச்சா? இறக்கலாமா?" என்று கேட்டாள்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்க மக்கா, குனிஞ்சு பாரு. எண்ணெ தெளிஞ்சிட்டா?"

மகள் குனிந்து பார்த்தாள். "ஓரத்துல மட்டும்."

"அப்ப நில்லு."